பூதலூர் டீ மாஸ்டரின் இடது கை

டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, மெஷினைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து மெஷினை இன்று உங்கள் முன்னால் வைத்தால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவீர்கள். இப்போதையது தானே கத்துகிறது, தானே நின்றுகொள்கிறது. அதோடு எப்படிப் பழகுவது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தஞ்சாவூரில் ஒரே பிரிவில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக நின்று கால் வீங்கி ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் இருப்பதில் உருப்படியானது நான் செய்த ஒரு தவறுதான். அதைச் சொல்கிறேன். ரிடையர் ஆன நர்ஸ் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் என்று பின்னால் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. குடித்துவிட்டே கேளுங்கள், கோபமில்லை.

தொண்ணூறுகளின் பாதிக்குப் பிறகு நடந்தது இது. அதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனால் சென்னைக்கோ வேலூருக்கோ போகவேண்டும். போக வழியில்லாதவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், அவ்வளவுதான். பிறகு நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்களே, அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஓடிக் களைத்த மெஷின்கள் கப்பலேறி இங்கே வந்தன. எங்கள் ஆஸ்பத்திரியும் மூன்றை வாங்கிப் போட்டது. அதே வருஷங்களில் டெல்டாவின் பிள்ளைகள் இங்கிருந்து கிளம்பிப் போனார்கள். சிங்கப்பூர், துபாய், எதுவும் கிடைக்காவிட்டால் திருப்பூர். கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிற ஆள் இல்லாமல் போனது. ஊசி போடுவதும் நாங்கள்தான், பிள்ளைகள் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் நாங்கள்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சவரிமுத்து அண்ணன். பூதலூர் ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடை. வயது ஐம்பதுக்குப் பக்கம். பல வருஷத்துச் சர்க்கரை வியாதி சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டிருந்தது. மனைவி அடைக்கலமேரி அதே கடையில் வடை போடுவார். ஒரே மகன் பீட்டர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தான்.

எனக்குச் சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் தஞ்சாவூரிலிருந்து ரயிலில் வந்து பூதலூரில் இறங்கி, பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தில் அந்தக் கடையில் ஒரு டீ குடிப்பேன். ஆனாலும் அவர் எங்கள் பிரிவுக்குள் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் கண்டுபிடித்தார்.

"திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸுக்கு நிப்பீங்களே, அந்த சிஸ்டருங்களா? சர்க்கரை கம்மி, டிகாஷன் தூக்கல்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் டீ அவருக்கு நினைவிருக்கிறது, அவர் முகம் எனக்கு நினைவில்லை.

முதலில் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தோம். கழுத்துக் குழாயை நம்பி நாளை ஓட்ட முடியாது, கிருமி நுழைந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கையில் ஃபிஸ்டுலா போடவேண்டும். இங்கே நம் தொழிலில் இல்லாதவர்களும் இரண்டொருவர் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன். கையில் ஓடும் இரண்டு வகை ரத்தக்குழாய்களை ஒரு சின்ன ஆபரேஷனில் ஒன்றாக இணைப்பார்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் அந்த இடம் தடித்து, ஊசி குத்தத் தோதாக ஆகிவிடும். அதற்குப் பிறகு நோயாளிக்கு உயிர் ஓடும் வழி அதுதான். வேலை செய்யும் கையை விட்டுவிட்டு, மற்ற கையில்தான் போடுவது வழக்கம். அதற்காகத்தான் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டு எழுதவேண்டும்.

"வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமா" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் நம் கிராமத்து ஆட்கள் பரீட்சையில் உட்கார்ந்தது மாதிரி விழிப்பார்கள். நானாகவே ஒரு கேள்வி வைத்திருந்தேன்.

"அண்ணே, ஒங்களுக்குச் சோத்துக்கை எது?"

உடனே கையைத் தூக்கிவிடுவார்கள். என் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமை. சவரிமுத்து அண்ணனும் வலது கையைத் தூக்கிக் காட்டினார். வலது என்று எழுதினேன். ஒரு வாரத்தில் இடது கையில் ஆபரேஷன் நடந்தது. இடது மணிக்கட்டுப் பக்கம் ஏற்கெனவே ஊசி குத்திக் குத்திக் கெட்டிருந்ததால், முழங்கை மடிப்பில் போட்டார்கள்.

ஃபிஸ்டுலா அருமையாக வந்தது. விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடும். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு அதில் ஊசி போட ஆரம்பித்தோம். திங்கள், வியாழன் அவருடைய முறை. முதல் வாரமே சொன்னார், "கை சில்லுன்னு இருக்கு சிஸ்டர்." ஏசி காற்று என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். அடுத்த வாரமும் சொன்னார். ஒரு காலுறையை எடுத்துக் கையில் மாட்டிவிட்டு, "இப்ப குளிருதா பாருங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். நோயாளி இரண்டு தடவை ஒன்றையே சொன்னால் மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் வேட்டியை விலக்கிக் காட்டினார். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

"என்னண்ணே இது?"

"கொதிக்கிற டீ. குவளையப் புடிச்சிருக்கேன்னுதான் நெனச்சேன் சிஸ்டர். கைய ஒசத்துனா வெரலெல்லாம் மரத்துப் போவுது. நழுவுனதே தெரியல."

நான் வழக்கம்போல எகிறினேன். "ஆபரேஷன் பண்ணின கையில எதுக்குக் குவளையத் தூக்குறீங்க? சோத்துக்கை சும்மாதானே இருக்கு? அதுல ஆத்துனா ஆகாதா?"

அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைக்கலமேரி அக்காதான் பேசினார்.

"அவருக்குச் சோறு திங்கிறது மட்டுந்தான் சிஸ்டர் அந்தக் கை. மத்த எல்லாத்துக்கும் பீச்சாங்கைதான். டீ ஆத்துறது, வெறகு பொளக்கிறது, ஆணி அடிக்கிறது எல்லாம். ஒங்களுக்குத் தெரியாதா? எத்தினி வருசமா நம்ம கடையில டீ குடிக்கிறீங்க?"

நம் ஊரில் எந்த இடது கைக்காரராவது இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அடித்து, திட்டி, சோற்றுக்கு மட்டும் கையை மாற்றிவிடுவார்கள். என் கூடப் பிறந்த தங்கை இடது கைக்காரி. அவள் எழுதுவது, கோலம் போடுவது, வெங்காயம் நறுக்குவது எல்லாம் இடது கையில். சாப்பிடுவது வலது கையில். அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்த நான், சோத்துக்கை எது என்று கேட்டு அதை வேலை செய்யும் கை என்று எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை பேருக்கு எழுதினேனோ. கடையில் அவர் எந்தக் கையை உயர்த்தி டீ ஆற்றுவார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பஸ் வருகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மருந்து அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். அவரே கையைத் தூக்கிக் காட்டினார். படிவத்தின் அடியில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் இது நோயாளி தப்பாகச் சொன்ன கணக்கில் போய்விடும். என்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். நல்லவேளை, அந்த அறையில் நிற்க நிற்க எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது. படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பெரிய டாக்டரிடம் போனேன்.

அவர் அதிகம் பேசாத மனுஷர். வந்து சவரிமுத்து அண்ணனின் இடது கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். நகமெல்லாம் வெளுத்துவிட்டது. விரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா இழுத்துக்கொள்கிறது, கையை உயர்த்தினால் இன்னும் மோசமாகும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பிறகு வலது மணிக்கட்டைத் தடவினார். ரத்தக்குழாய் தடியாக, நேராக இருந்தது. முதலிலேயே அங்கே போட்டிருந்தால் இந்தத் தொல்லை எதுவும் வந்திருக்காது. படிவத்தை நீட்டி, என் கேள்வியையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"கீழ என் கையெழுத்தும் இருக்கே," என்றார். படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன் சார்."

வாயால் சொல்லிவிட்டேன். திரும்பி வந்தபோது ஊசி எடுத்துக் கட்டுப் போட்டு, அவர்கள் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை வருவாரே, நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பெயர் நிதானமில்லை, கோழைத்தனம்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையும் கட்டில் காலியாகவே இருந்தது. ஒரு வாரம் முழுசாக டயாலிசிஸ் இல்லையென்றால் உடம்பில் நீர் எங்கே போய்த் தேங்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டேன். "ஆளு கடையிலதான் ஒக்காந்திருக்காருங்க. வரலியாம்" என்றான் பூத்தில் இருந்த பையன். பெரிய டாக்டரிடம் சொன்னேன். "போய்ட்டு வாங்க. கட்டிலை நான் வச்சிருக்கேன்" என்றார். அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

வழியெல்லாம் அவரை மிரட்டுவதற்கு வசனம் தயார் செய்துகொண்டு போனேன். இப்படி வராமல் நின்ற ஒருவர் எப்படி மூச்சு முட்டி இறந்தார் என்று விவரமாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். நம் தொழிலில் அது சுலபமான ஆயுதம், நீங்களும் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள்.

கடைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. பாய்லருக்குப் பக்கத்தில் அடைக்கலமேரி அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பாதி குவளையிலும் பாதி மேஜையிலுமாக விழுந்துகொண்டிருந்தது.

"வாங்க சிஸ்டர்," என்றார் அண்ணன். "இன்னிக்கு டீக்கு... நான் பொறுப்பில்ல."

"அண்ணே, கெளம்புங்க."

"இருங்க. மவன் நேத்து போன்ல பேசுனான். கடைய மூடிட்டு வீட்டுல காலை நீட்டி ஒக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்ங்கிறான். தங்கமான புள்ள." மூச்சு வாங்கிக்கொண்டார். "வாரத்துல ரெண்டு நாளு ஒங்க மெஷினு. சரி. மிச்சம் அஞ்சு நாளு நான் யாரு சிஸ்டர்? அத மட்டும் சொல்லுங்க. இப்பவே வர்றேன்."

என் வசனமெல்லாம் மறந்துபோனது. அவருக்கு நெஞ்சுக்குள் நீர் ஏறிக்கொண்டிருந்தது, அது எனக்குக் கேட்டது. மிரட்டியோ கெஞ்சியோ முதலில் வண்டியில் ஏற்றிவிடலாம், உயிர் தங்கிய பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு யோசனை. ஆனால் பயத்தில் ஏறுகிறவர் இன்று வருவார், வியாழக்கிழமை வருவாரா? பத்து நிமிஷம் தாங்குவார் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பியிருந்தால் இன்று உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, தப்பு என்னோடது. ஒங்க வேலைக்கை எதுன்னு நான் கேட்டிருக்கணும். சோத்துக்கை எதுன்னு கேட்டுட்டேன். அதனாலதான் இடது கையில போட்டாங்க. வலது கையில போட்டிருந்தா இந்த மரமரப்பு வந்திருக்காது."

டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அடைக்கலமேரி அக்கா குவளையை டங்கென்று வைத்தார்.

"அப்ப அந்தக் கையில போட்டிருந்தா இவரு இந்நேரம் நின்னு டீ ஆத்திக்கிட்டு இருப்பாரா?"

"ஆமாக்கா."

"எவ்ளோ சுளுவா ஆமாங்கிறீங்க!" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுமை குறைந்திருக்கும்.

சவரிமுத்து அண்ணன் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கலாம் சிஸ்டர். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. சின்ன வயசுல எங்கம்மா இந்தக் கையத் துணியால கட்டிப் போடும். பள்ளிக்கொடத்துல சாரு வெரல் மொட்டி மேலயே அடிப்பாரு. டீக்கடையில சேந்தப்ப மொதலாளி மூணு வருசம் கிளாஸ் கழுவத்தான் விட்டாரு. பீச்சாங்கையில ஆத்துனா எவன் குடிப்பான்னாரு. அதுலேர்ந்து யாரு கைன்னு கேட்டாலும் சோத்துக்கையத்தான் தூக்குவேன்." மூச்சு. "இப்ப என்னா பண்ணலாங்கிறீங்க?"

சொன்னேன். வலது மணிக்கட்டில் புதிதாகப் போடவேண்டும். அது பழுக்க, அதாவது தடித்துத் தயாராக, இரண்டு மாதம். அதுவரை இந்த இடது கையை வைத்துத்தான் டயாலிசிஸ், மரமரப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், குவளையைத் தொடக்கூடாது. புதியது தயாரானதும் பழையதை மூடிவிடலாம். நடுவில் ஒரு விரல் கறுத்தாலும் உடனே மூடவேண்டி வரும், அப்போது மறுபடி கழுத்துக் குழாய்தான்.

"கை பழையபடி வருமா?"

"வரும்னு டாக்டர் நம்புறாரு. நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன்ணே. ஒரு தடவை எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதி நீங்க பட்டது போதும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து பாதியில் நின்றது. "இந்தப் பீச்சாங்கையக் காப்பாத்த டாக்டரு, நீங்க எல்லாம் ஒக்காந்து பேசுறீங்களா? அடிக்கத்தான் சிஸ்டர் எல்லாரும் கூடுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சைப் பிடித்து எழுந்தார். "மேரி, கடையப் பாத்துக்க" என்றார். அக்கா கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கூடவே கிளம்பினார்.

அதுவரை டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் வேனில் இருந்த காலிச் சாக்குகளை ஒதுக்கி இடம் பண்ணினார். அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை ஜன்னலோரம் சவரிமுத்து அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்துத் தாங்கிப் பிடித்திருந்தேன். பெரிய டாக்டர் சொன்னபடி கட்டிலை வைத்திருந்தார். ஆக்சிஜன், மெஷின், நாலு மணி நேரம். மூன்றாவது மணி நேரத்தில் அவர் ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேசினார். பசிக்குது சிஸ்டர், இட்டிலி கிடைக்குமா என்றார். நான் போய்க் கழிவறையில் அழுதுவிட்டு வந்து வாங்கித் தந்தேன்.

அடுத்த இரண்டு மாதம் என் வாழ்க்கையில் நீளமான இரண்டு மாதம். ஒவ்வொரு முறையும் அவர் வந்தவுடன் முதலில் விரலைப் பார்ப்பேன், பிறகுதான் வணக்கம். ஒரு நாள் ஆள்காட்டி விரல் நுனி கறுத்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கையோடு இழுத்து வந்தேன். அவர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். கறுப்பு பஞ்சோடு வந்துவிட்டது. டிகாஷன் கறை. குவளையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன், வடிகட்டியைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லையாம். அன்றைக்கு அந்த அதிகம் பேசாத டாக்டர் சத்தம் போட்டுச் சிரித்ததை எங்கள் பிரிவே பார்த்தது.

கடையில் அக்காதான் டீ ஆற்றினார். இவர் பெஞ்சில் உட்கார்ந்து, "ஒசரம் பத்தல, இன்னும் தூக்கு" என்று அதிகாரம் பண்ணினார். வாடிக்கைக்காரர்கள் அந்த டீயையும் குடித்தார்கள். குடித்துவிட்டு, அண்ணனுக்குக் கை எப்போது சரியாகும் என்று கேட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து பீட்டர் தொலைபேசியில் கடையை மூடச் சொல்வதை நிறுத்திவிட்டான். அப்பாவிடம் நான் என்ன சொன்னேன் என்று ஒரு நாள் என்னையே கூப்பிட்டுக் கேட்டான். நான் செய்த தப்பைச் சொன்னேன் தம்பி என்றேன்.

வலது மணிக்கட்டில் போட்டது நன்றாகப் பழுத்தது. இடது கையில் இருந்த ஃபிஸ்டுலாவை மூடினார்கள். மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்ததும் அவர் இடது கையை நீட்டினார். பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் சோத்துக்கை எது என்று கேட்டதில்லை. "ஒங்க வேலையச் செஞ்சு காட்டுங்க" என்பேன். வெறுங்கையால் கட்டிலில் உட்கார்ந்தபடியே செய்து காட்டுவார்கள். நடவுக்குப் போகும் அம்மா இடது கையில் நாற்று முடியைப் பிடிப்பதுபோலப் பிடித்து, வலது கையால் போர்வையில் நட்டுக் காட்டினார். கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கிழித்தார். தரங்கம்பாடியிலிருந்து வந்த மீன்காரம்மா அரிவாள்மனையில் மீன் ஆய்ந்த வேகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோனார். வேலையை விட்டு ஆறு மாதம் ஆனவர்கூடச் செய்து காட்டும்போது நிமிர்ந்து உட்காருவார். படிவத்தில் ஒரு வார்த்தை எழுதுவதற்காக ஆரம்பித்தேன். அதில்தான் எனக்கு அவர்கள் யார் என்று தெரிந்தது. நீங்களும் கேளுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

சவரிமுத்து அண்ணன் அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தார். அந்தக் காலத்து மெஷினில், சர்க்கரை வியாதியோடு, பதினொரு வருஷம். ஃபிஸ்டுலா நன்றாக அமைந்தது, மாத்திரை தவறவில்லை, அதிர்ஷ்டமும் இருந்தது. நான் அதோடு கடையையும் சேர்த்துக்கொள்கிறேன். பொழுது விடிந்தால் போய்த் திறக்க அவருக்கு ஒரு இடம் இருந்தது. அதனால் எங்கள் முறையை ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. நாள் முழுக்கக் கொதிக்கும் தண்ணீருக்கு முன்னால் நின்ற மனுஷன், தான் குடிக்கிற தண்ணீரை மட்டும் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு குடித்தார். தாகம் எடுக்காதா என்று கேட்டால், "ஆத்துறவனுக்கு வாசனையே போதும் சிஸ்டர்" என்பார். பொய்தான். உதடு வெடித்திருக்கும். ஆனாலும் அதைத் தாண்டவில்லை. புதிதாக வந்து பயந்து படுத்திருப்பவர்களிடம் நான் நூறு வார்த்தை பேசுவதைவிட அவரைப் பக்கத்துக் கட்டிலில் போட்டுவிடுவது மேல் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் தப்பை மன்னித்து, அந்தத் தப்பிலிருந்தே எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அவருக்கும், அன்றைக்குக் கட்டிலை வைத்திருந்த டாக்டருக்கும், பெயர் தெரியாத அந்த வேன்காரருக்கும் நான் பட்ட கடன் தீராது.

இடது கை ஃபிஸ்டுலாவை மூடி ஒன்றரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூதலூரில் இறங்கினேன். கடையில் நல்ல கூட்டம். பாய்லருக்கு முன்னால் சவரிமுத்து அண்ணன் நின்றிருந்தார். இடது கை தலைக்கு மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போனது. ஒரு சொட்டு வெளியே விழவில்லை. முதல் முறையாக நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னைக் கண்டதும் எதுவும் கேட்காமல் சர்க்கரையைக் குறைத்துப் போட்டார்.

அந்தக் கடையில் நான் அதுவரை குடித்த டீ எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் ஆற்றி முடித்ததும் கிளாஸை வலது கைக்கு மாற்றித்தான் நீட்டியிருக்கிறார் என்று அக்கா பின்னால் சொன்னார். அன்றைக்கு மாற்றவில்லை. ஆற்றிய கையிலேயே கிளாஸை எடுத்து, அதே கையால் என் முன்னால் நீட்டினார்.

வடை போட்டுக்கொண்டிருந்த அக்கா பதறிவிட்டார். "ஏங்க, என்னாங்க இது, சிஸ்டருக்குப் போயி அந்தக் கையில... சோத்துக்கையில குடுங்க!"

அவர் மாற்றவில்லை. டீ விளிம்பு வரை வந்து வந்து போனது.

"சூடு தெரியுது சிஸ்டர்," என்றார். "அஞ்சு வெரலுக்கும் நல்லாத் தெரியுது."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.